உதவித் தொகை பெயரைத் தேடுகிறது; நிலம் யார் பெயரில் இருக்கிறது?

பேராக், பாத்தாங் பாடாங் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது 68. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது வேலையை விட்டுவிட்டு, அப்பா வாங்கிப் போட்ட நாலு ஏக்கர் ரப்பர் நிலத்தை இன்றுவரை தானே வெட்டிக்கொண்டிருக்கிறார். அண்மையில் அவர் வீட்டுக்குப் போனபோது, "ஐயா, கட்டிப்பால் விலை 3 வெள்ளிக்குக் கீழே போனா மிச்சத்தை அரசாங்கம் தருதே, உங்களுக்கு எப்பவாவது வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"நமக்கு ஏது தம்பி அதெல்லாம்? கெரான் இன்னும் அப்பா பேர்லதான் கெடக்கு. பாலைக் கொண்டுபோய் தவுக்கேகிட்ட போடுறேன். அவரு பக்கத்து நிலத்துக்காரர் அட்டையில எழுதிக்கிறாரு. காசு கையில கெடைச்சிடுது, அது போதும்" என்றார்.

அது போதாது. பெரியவர் போட்ட பால் வேறொருவர் பெயரில் பதிவாகிறது. விலை சரிந்த மாதங்களில் அந்தப் பாலுக்கு வந்த ஊக்கத்தொகையும் அந்த அட்டைக்காரர் வங்கிக் கணக்குக்கே போயிருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் நம் பெரியவர் ஒரு ரப்பர் சிறுதோட்டக்காரரே அல்ல.

கடந்த சில ஆண்டுகளாக விவசாய உதவிகளில் நடக்கும் மாற்றம் இதுதான். முன்பு மானியம் பொருளின் மேல் இருந்தது. டீசல் மலிவு என்றால் எல்லாருக்கும் மலிவு. நிலையத்துக்குப் போய் யார் ஊற்றினாலும் ஒரே விலை. இன்று மானியம் பொருளை விட்டு ஆளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அடையாள அட்டை எண், நில ஆவணம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரு பதிவேட்டில் ஒன்றாகச் சேர்ந்தவருக்கே பணம். கசிவைத் தடுக்கும் இந்தத் திட்டம் சரியானதுதான். கடத்தல்காரர்களும் தொழிற்சாலைகளும் மலிவு டீசலை உறிஞ்சியதற்கு நாம் எல்லாரும் வரிப்பணம் கொடுத்தோம். ஆனால் பதிவேட்டில் இல்லாத ஏழை, மாற்றத்துக்குமுன் பெற்றதையும் இழக்கிறான். நம்மவர்களில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல.

டீசலில் நடந்தது

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலை நீடித்தது. இதற்கு ஈடாக ‘புடி மடானி’ திட்டத்தின்கீழ் மாதம் 200 வெள்ளி ரொக்கம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று, சொந்த டீசல் வாகனம் வைத்திருக்கும் தனிநபருக்கு. மற்றொன்று, விவசாயிகளுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்குமான ‘அக்ரி-கொமோடிட்டி’.

இரண்டாவது கதவின் நிபந்தனையை அப்போது படித்தவர்கள் திகைத்திருப்பார்கள். ஆண்டு விற்பனை 50,000 வெள்ளியிலிருந்து 300,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அமைச்சின் அமைப்பு ஒன்றில் பதிந்திருக்க வேண்டும். மேல் வரம்பு புரிகிறது, பணக்காரருக்கு வேண்டாம் என்பது. கீழ் வரம்பு ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் ரப்பரில் ஆண்டுக்கு 5,000 கிலோ கட்டிப்பால் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோ 3 வெள்ளிக்குப் போனால் மொத்த விற்பனை 15,000 வெள்ளி. அதே ஐந்து ஏக்கரில் செம்பனை என்றால், ஆண்டுக்கு 34 டன் குலை, டன் 800 வெள்ளி என்று தாராளமாகப் பார்த்தாலும் 27,200 வெள்ளிதான். 50,000 வெள்ளியைத் தொட ஒன்பது, பத்து ஏக்கர் செம்பனை வேண்டும். ஆக, சிறு விவசாயிக்கான உதவியின் வாசற்படி மிகச் சிறிய விவசாயியின் தலைக்கு மேல் இருந்தது. இவ்வளவு குறைவாக விற்பவருக்கு டீசல் செலவு அதிகம் இருக்காது என்பது அதிகாரிகளின் கணக்காக இருக்கலாம். புல்வெட்டி இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் பெட்ரோலில் ஓடுபவைதான், உண்மை. ஆனால் குலையை ஏற்றிப்போகும் லோரிக்காரர் டீசல் விலை ஏறியதைச் சொல்லி ஏற்றுக்கூலியில் பிடித்தால், அந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது?

வரம்புகள் அவ்வப்போது மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் இணையத்தளத்தில் இருக்கும் வரம்புதான் செல்லும். ஐந்து ஏக்கர்க்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்தப் பெயரில் பழைய டீசல் பிக்-அப் வண்டி இருந்தால் தனிநபர் பிரிவில் முயலலாம். அதற்குக் குடியுரிமை வேண்டும், வாகனம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விண்ணப்பதாரர் பெயரில் இருக்க வேண்டும், சாலை வரி உயிரோடு இருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. அண்ணன் பெயரில் இருக்கும் வண்டி, இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும் வண்டி இவற்றுக்குக் கிடைக்காது. மறுபடியும் பெயர்தான்.

ரப்பர்: 3 வெள்ளி என்பது எப்படி வேலை செய்கிறது

ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை 2015-இல் அறிமுகமானது. மலாயில் ஐ.பி.ஜி. என்பார்கள். பண்ணை விலை ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே விழுந்தால், இடைவெளியை அரசாங்கம் நிரப்பும். அந்த மட்டம் கிலோவுக்கு 2 வெள்ளி 50 காசாக இருந்தது. 2023 பட்ஜெட்டில் 2 வெள்ளி 70 காசானது. 2024 பட்ஜெட்டில் 3 வெள்ளியானது. இது 50 விழுக்காடு உலர் ரப்பர் அடங்கிய கட்டிப்பாலுக்கான கணக்கு. ஒரு மாதத்தின் சராசரிப் பண்ணை விலை 2 வெள்ளி 60 காசு என்றால் கிலோவுக்கு 40 காசு கிடைக்கும். அந்த மாதம் 300 கிலோ விற்றவருக்கு 120 வெள்ளி. சராசரி 3 வெள்ளியைத் தாண்டிய மாதத்தில் ஒன்றும் கிடையாது.

"இப்போது விலை நன்றாக இருக்கிறதே, எதற்கு அலைய வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ரப்பர் விலையை நம்பிய யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை என்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியாததா? விலை விழுந்த பிறகு ஓடினால் அட்டை வந்து சேர்வதற்குள் அந்த மாதங்கள் போய்விடும். பதிவை விலை நன்றாக இருக்கும்போது செய்து வைக்க வேண்டும்.

அந்தப் பதிவின் பெயர் பாட்-ஜி. ரப்பர் விற்பனைக்கான அனுமதி அட்டை. மலேசிய ரப்பர் வாரியம் கொடுக்கிறது. நூறு ஏக்கருக்கு உட்பட்ட நிலம் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் விண்ணப்பிக்கலாம். நம்மவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி, நிலம் இல்லாத பால்வெட்டுத் தொழிலாளியும் விண்ணப்பிக்கலாம் என்பது. பிறர் நிலத்தில் பங்குக்கு வெட்டுபவர்கள் இன்றும் பேராக்கிலும் கெடாவிலும் நெகிரி செம்பிலானிலும் இருக்கிறார்கள். பாதிக்குப் பாதி, அறுபதுக்கு நாற்பது என்று வாய்ப்பேச்சில் ஒப்பந்தம். நில உரிமையாளரின் சம்மதத்தோடு அவர்களும் அட்டை பெறலாம். உரிமையாளரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அவர் நிலத்தை யாரும் கேட்கவில்லை, உங்கள் உழைப்பின் பங்கைத்தான் கேட்கிறீர்கள்.

பெரிய நிறுவனத் தோட்டத்தில் சம்பளத்துக்கு வெட்டுபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய பாதுகாப்பு சம்பள ஒப்பந்தத்தில் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை, நில ஆவணம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள ரப்பர் வாரிய அலுவலகத்துக்குப் போகலாம். அட்டை வந்த பிறகு, வாரியத்தின் உரிமம் பெற்ற வியாபாரியிடம் மட்டுமே விற்க வேண்டும். அவர் ‘ஆர்.ஆர்.ஐ.எம். நியாகா’ என்ற கணினி முறையில் உங்கள் அட்டை எண்ணுக்கு எதிராக எடையையும் விலையையும் பதிவார். ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர்தானா, எடை சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். தவுக்கே பல வருடப் பழக்கம், கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர், கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. கணக்கைக் கேட்பது சண்டை போடுவதாகாது.

மழைக்கால உதவியும் இதே பதிவுகளோடு ஒட்டியது. வடகிழக்குப் பருவமழையில் மரம் நனைந்து வெட்ட முடியாத நாட்களுக்காகக் கொடுக்கப்படும் அந்தத் தொகை 2023 பட்ஜெட்டில் 600 வெள்ளியிலிருந்து 800 வெள்ளியாக உயர்ந்தது. தீபகற்பத்தில் இதற்கு ரிஸ்டாவைத்தான் பார்க்க வேண்டும். 1973-இல் அமைக்கப்பட்ட ரிஸ்டா மலாய்க்காரர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ரிஸ்டா என்ற பெயரின் விரிவே ரப்பர் தொழில் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியம்தான். கதவைத் தட்டாமலே மூடியிருக்கிறது என்று திரும்பி வந்தவர்கள் நம்மில் அதிகம். தட்டியவர்களுக்கு எல்லா இடத்திலும் சிரித்த முகம் கிடைத்தது என்றும் சொல்ல மாட்டேன்.

செம்பனைக்காரர்களுக்கு

செம்பனைக் குலையை விற்கவே மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். ஓர் ஏக்கராக இருந்தாலும் சரி. உரிமம் இல்லாதவர் இன்னொருவர் உரிமத்தில் போடுகிறார், விலையில் பத்து, இருபது வெள்ளி விட்டுக்கொடுக்கிறார். இது சட்டப்படி குற்றம் என்பதோடு, மறுநடவு நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். இருபத்தைந்து வயதைக் கடந்த மரத்தில் குலை அறுக்கக் கம்பு எட்டாது, மகசூலும் குறையும். அந்த மரங்களை மாற்ற, பாதி மானியம் பாதி கடன் என்ற முறையில் சிறுதோட்டக்காரர்களுக்கு 2024 பட்ஜெட்டில் 10 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். அதற்கு விண்ணப்பிக்க வாரிய உரிமமும் நில ஆவணமும் வேண்டும். மறுநடவு செய்தால் மூன்று ஆண்டுகள் வருமானம் இல்லை என்ற பயத்தில் நம்மவர்கள் கிழட்டு மரத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஐந்து ஏக்கரில் பாதியை முதலில், பாதியைப் பின்னர் என்று மாற்றலாமா என்பதை வாரியத்தின் ‘துனாஸ்’ ஆலோசனை அதிகாரிகளிடம் கேட்கலாம். அவர்கள் சுயேச்சைச் சிறுதோட்டக்காரர்களுக்காகவே மாவட்டங்களில் வைக்கப்பட்டவர்கள்.

எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழும் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம். தனியாகச் செய்ய வேண்டியதில்லை. வட்டாரச் சிறுதோட்டக்காரர்களை ஒரு குழுவாகச் சேர்த்து வாரியமே செய்து கொடுக்கிறது.

உண்மையான முடிச்சு: நிலம்

மேலே சொன்ன எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் நில ஆவணத்தில் வந்து நிற்கிறது. நம்முடைய பெரும் சிக்கல் இங்கேதான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, கையில் காசிருந்த கங்காணிகளும் கிராணிகளும் சில தொழிலாளர்களும் நாலைந்து ஏக்கர் வாங்கினார்கள். அதே காலத்தில்தான், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர் பங்குதாரர்தான்; இந்தத் திட்டங்களில் சிறுதோட்டக்காரர் என்று காட்ட அவர் பெயரில் கெரான் இருக்காது. அப்போது நிலமாகவே வாங்கியவர்கள் இன்று உயிரோடு இல்லை. கெரான் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, பிள்ளைகள் ஆறு பேர், பெயர் மாற்றவில்லை.

பெயர் மாற்றாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல. வழக்கறிஞர் செலவுக்குப் பயம், அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். அம்மா இருக்கும்வரை பேச வேண்டாம் என்பார்கள். அம்மா போன பிறகு பேசுவதற்கே ஆளில்லாமல் போய்விடும்.

உயில் எழுதாமல் இறந்தவரின் நிலத்தை, சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்கீழ் வழக்கறிஞர் இல்லாமலே மாற்றலாம். 1955-ஆம் ஆண்டின் சட்டம் அது. நிலம் இருக்கும் மாவட்டத்தின் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவில் ‘ஏ’ பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், கெரான் நகல், வாரிசுகள் எல்லாருடைய அடையாள அட்டை நகல், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். பிறகு விசாரணைத் தேதி வரும். வாரிசுகள் நேரில் வர வேண்டும். வர முடியாதவர் முறைப்படி சம்மதக் கடிதம் கொடுக்கலாம். முன்பு மொத்தச் சொத்தின் மதிப்பு 20 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால்தான் இந்த வழி. 2024 ஜூலை 15 முதல் அது 50 லட்சமாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நம்மவர்களின் நாலைந்து ஏக்கர் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

பங்கு எப்படி என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, இறந்தவரின் பெற்றோர் இல்லாமல் மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, சமமாக. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வேறுபாடு கிடையாது. "கட்டிக்கொடுத்துவிட்டோம், அவளுக்கு எதற்கு?" என்று தங்கச்சியின் பெயரை விட்டுவிட்டுப் போன ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் விசாரணையிலேயே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் பெயரைச் சேர்த்து மறுபடி வர ஒரு வருடம் ஆனது. எல்லாரும் ஒப்புக்கொண்டால், நிலத்தை ஒருவர் பெயருக்கே எழுதிவிட்டு மற்றவர்களுக்கு ரொக்கமாகத் தீர்க்கலாம். நாலு ஏக்கரை ஆறு பேர் பெயரில் எழுதினால், நாளை மறுநடவு செய்ய ஆறு கையெழுத்துத் தேடி அலைய வேண்டும்.

தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் காய்கறி போடுபவர்கள் நிலை இன்னும் மோசம். கேமரன் மலையில் நம்மவர்கள் பலர் இப்படித்தான் பயிரிட்டு வந்தார்கள். அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் முடிகிறது, வாரிசுக்குப் போகாது. அப்பா இறந்தால் உரிமமும் அவரோடு போய்விடும். மகன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் உழுத நிலம் என்பது அங்கே ஆவணம் ஆகாது. ஆண்டுதோறும் புதுப்பித்த ரசீதுகளைக் கிழிக்காமல் வைத்திருப்பவர்களுக்காவது காட்ட ஏதோ இருக்கிறது.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய ‘புடி 95’ திட்டத்தில், குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசு, தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரை. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி, இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் நம் முதியவர்களுக்கு அந்த விலை இல்லை. பொதுவான மலிவு விலை இருந்தவரை அவர்களும் எல்லாரோடும் சேர்ந்து நின்றார்கள். பெயர் பார்த்துக் கொடுக்கும் முறை வந்ததும் வரிசையிலிருந்து தனியே நிறுத்தப்பட்டார்கள். இலக்கு வைத்த உதவி பற்றி அமைச்சர்கள் பேசும்போது, இவர்களைப் பற்றியும் நம் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று. பாரங்கள் மலாய் மொழியில், விண்ணப்பம் கைப்பேசியில். எழுபது வயதுக்காரருக்குக் கைப்பேசி என்றால் பேரன் படம் பார்ப்பது. பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் நுழைகிறார்கள், நூறு இருநூறு வெள்ளி வாங்கிக்கொண்டு அடையாள அட்டை நகலையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எடுத்துப்போகிறார்கள். புடி மடானி பதிவுக்குக் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். முகவரியின் முடிவில் அரசாங்கத்தின் ‘ஜி.ஓ.வி. டாட் எம்.ஒய்.’ இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோயில் நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கணினியும் ஒரு நகல் இயந்திரமும் வைத்து உட்கார்ந்தால், அன்னதானத்துக்கு வரும் கூட்டத்திலேயே பாதி பாரங்கள் நிரம்பிவிடும்.

பாத்தாங் பாடாங் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் முன்பு அவரோடு நில அலுவலகம் போய்ப் பாரம் வாங்கி வந்தோம். கெரான் நகல் கிடைத்துவிட்டது; நில வரி மூன்று வருடப் பாக்கி, அதைக் கட்டினார். உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர். ஒரு தம்பி சிங்கப்பூரில் வேலை, கடிதம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். ஓர் அக்கா காலமாகிவிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளின் அடையாள அட்டை நகலும் அவருடைய இறப்புச் சான்றிதழும் வேண்டும். மூத்த பிள்ளையோடு பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெரியவர் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "நீயே பேசு தம்பி" என்றார். "நீங்க தாய்மாமா, நீங்க பேசினாத்தான் ஐயா சரி" என்று திருப்பிக் கொடுத்தேன். தீபாவளிக்கு முன் பேசிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.